குலுக்கலில் விழுந்த ஜோடி

அத்தியாயம் 9

ஆடி பிறந்தால் கல்யாண மண்டபத்துக்காரர்கள் ஈ ஓட்டுவார்கள். காரைக்குடியில் ஒரே ஒரு மண்டபம் மட்டும் ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை களைகட்டும். பந்தி நடக்கும், மைக் அலறும், செருப்பு காணாமல் போகும். மாலை மட்டும் யாரும் மாற்றிக்கொள்வதில்லை. எல்லாம் நம்ம சேதுபதி புண்ணியத்தில்.

இந்த வாரம்தான் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பழைய வாசகர்கள் அதற்குள் ஒரு வாய் காபி குடித்துவிட்டு வரலாம்.

சேதுபதி ஒரு பெங்களூர் சாஃப்ட்வேர் கம்பெனிக்கு மானகிரியில் தன் வீட்டு மாடியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர். வயது ஐம்பதைத் தொட்டாயிற்று. வருஷா வருஷம் ஆடியில் சுற்றுப்பட்டு ஊர்களில் வீடியோ கேம் ஆடுகிறவர்களையெல்லாம் ஒன்றுகூட்டிப் போட்டி நடத்துகிறார். காலேஜ் ஹாஸ்டலில் பிடித்த பைத்தியம். மற்றவர்களுக்குக் கல்யாணத்தோடு தெளிந்துவிட்டது. இவருக்கு மகள் கல்யாணம் முடிந்தும் தெளியவில்லை.

அந்த மகள்தான் ரேணுகா. வைகாசியில் நாச்சியாபுரம் வேல்பாண்டிக்குக் கட்டிக்கொடுத்தார்கள். இப்போது ஆடிக்கு அழைத்து வந்திருக்கிறார்கள். கல்யாணமான வருஷம் ஆடியில் புருஷன் பெண்டாட்டி சேர்ந்திருந்தால் சித்திரையில் பிள்ளை பிறக்கும், அது குடும்பத்துக்கு ஆகாது என்பது ஊரறிந்த வழக்கம். வேல்பாண்டியின் அம்மா பாண்டீஸ்வரியின் ஆடி இன்னும் கெட்டி. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே கூடாது என்பது அவராகச் சேர்த்துக்கொண்டது.

போன வாரம் சேதுபதி ஒரு குண்டைப் போட்டார். "இந்த வருஷத்தோட நான் வெலகிக்கிறேன். அடுத்த வருஷத்துலருந்து ரேணுகா நடத்தட்டும்." கட்டிக்கொடுத்த பெண் வந்து நடத்துவதென்றால் மாமியார் வாய் திறக்க வேண்டும். பாண்டீஸ்வரி திறந்தார். "தாராளமா வந்து நடத்தட்டும்ணே. ஆனா ஆடிய ஆடியா விட்டுறணும். அதுல ஒரு சின்னப் பிசகு வந்தாலும் அடுத்த வருஷம் எம்மருமக அங்குட்டு வரமாட்டா."

அவ்வளவுதான் கதை. இனி ஞாயிற்றுக்கிழமை காலை.

மேடையில் முத்தரசு மைக்கைத் தட்டிக்கொண்டிருந்தார். சேதுபதியின் ஹாஸ்டல் அறைத் தோழர். இப்போது ரேடியோ செட், பந்தல், சீரியல் லைட்டு எல்லாம் வாடகைக்கு விடுகிறார்.

"சுற்றுவட்டார ரசிகப் பெருமக்களே! வாசலில் வண்டியைக் குறுக்கே நிறுத்தியிருக்கும் அன்பர் உடனே வந்து எடுத்துவிடவும். இது கல்யாணம் அல்ல. இங்கே கோபித்துக்கொண்டு போவதற்குச் சம்பந்தி வீட்டார் யாரும் இல்லை."

அந்தக் காலத்தில் இவர்கள் இருவரும் ஹாஸ்டல் டிவியில் கேசட் செருகுகிற வீடியோ கேமை மாட்டிவிட்டு, வார்டன் வருகிறாரா என்று பார்க்க ஒருவனை மாடிப்படியில் நிறுத்திவிட்டு ஆடியவர்கள். படிப்பு முடிந்து முத்தரசு ஊரோடு தங்கிவிட்டார். சேதுபதிக்குச் சென்னையில் வேலை. முதல் வருஷ ஆடிக்கே போட்டி நடத்த லீவு போட்டுவிட்டு, கம்ப்யூட்டர் மானிட்டரைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் வந்தார். "என்னப்பா, கைப்புள்ளையா? தாயார் எங்க?" என்று டி.டி.ஆர். கேட்டாராம்.

பஸ் ஸ்டாண்டு எதிரே இருந்த பிரவுசிங் சென்டரில் ஒரு வருஷம், டியூஷன் சென்டர் மொட்டை மாடியில் சில வருஷம், மழை பெய்து எல்லாம் நனைந்த பிறகு மண்டபம். மகள் பிறந்த வருஷமும் விடவில்லை. கம்பெனி அமெரிக்கா போகச் சொன்னபோது "ஆடி கழிச்சுப் போறேன்" என்றார். கம்பெனி ஆடியெல்லாம் பார்க்குமா? வேறு ஆளை அனுப்பிவிட்டது. மனைவி சுபலட்சுமி அதை இன்றைக்கும் சாம்பார் ஊற்றும்போது சொல்லிக்காட்டுவார்.

இத்தனைக்கும் மனுஷன் ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. முதல் சுற்றிலேயே தோற்றுவிட்டு எழுந்து போய்ப் பந்தியில் தண்ணீர் வைப்பார்.

"எங்க வீட்டுக்காரருக்கு ஆடி பொறந்தா சாமி வந்துரும். வேப்பில அடிச்சாலும் எறங்காது" என்பது சுபலட்சுமியின் வாக்கு. சொல்வாரே தவிர, பந்திச் சமையலுக்கு ஆள் பிடிப்பதும் குலுக்கலில் சீட்டு எடுப்பதும் அவர்தான்.

குலுக்கலைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆட்டம் கால்பந்து. ஒரு பக்கத்துக்கு இரண்டு பேர். ஆனால் நமக்கு வேண்டிய ஆளை ஜோடியாகப் பிடித்துக்கொண்டு வர முடியாது. எல்லார் பெயரையும் எழுதி எவர்சில்வர் தூக்குவாளியில் போட்டுக் குலுக்குவார்கள். யார் விழுகிறார்களோ அவர் பக்கத்தில் உட்கார வேண்டும்.

"தெரிஞ்சவனோட ஆடுறதுக்கு வீட்டு சோபா போதும். இங்க வர்றது தெரியாதவன் பக்கத்துல உக்காரத்தேன்" என்பார் சேதுபதி. இதற்கு ஒரு சாஃப்ட்வேர் எழுதக் கூடாதா என்று கேட்டால், "எழுதுறவன் நானு. அதுக்குள்ள என்ன வேணா பண்ணலாம்னு எனக்குத் தெரியும்ல" என்பார்.

விழுந்த ஜோடியை மாற்றக் கூடாது. இதுதான் சட்டம். ஒரு வருஷம் பெரிய இடத்துப் பையன் ஒருவன் பெயிண்டர் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்று அடம்பிடித்தான். அவன் அப்பா போன் போட்டார். சேதுபதி மாற்றவில்லை. மறு வருஷம் வாசலில் கட்டிய ஃபிளெக்ஸைக் கிழித்துப் போட்டார்கள். கிழிந்த ஃபிளெக்ஸோடு நடத்தினார்.

மேடைக்குப் பக்கத்து மேஜையில் ரேணுகா நேரலைக்கு வேண்டிய கம்ப்யூட்டரைத் திறந்து வைத்திருந்தாள். போட்டி முழுக்க யூடியூபில் போகும்.

"பாஸ்வேர்டு எல்லாம் ஒனக்கு அனுப்பிட்டேன்த்தா. அடுத்த வருஷம் என்னைய ஒண்ணும் கேக்கக் கூடாது" என்றார் சேதுபதி.

"அதுக்குள்ள என்னப்பா அவசரம்?" என்றாள் ரேணுகா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அப்போதுதான் சுபலட்சுமி பந்திக் கூடத்திலிருந்து விறுவிறுவென்று வந்தார். புருஷனைச் சட்டையைப் பிடித்து ஓரமாக இழுத்தார்.

"இங்குட்டு வாங்க. கை கழுவுற எடத்துல மாப்ளே நிக்கிறாரு."

"எந்த மாப்ளே?"

"நமக்கு எத்தன மாப்ளே இருக்காக?"

வேல்பாண்டி கட்டட இன்ஜினியர். ஆறடி உயரம். தூணுக்குப் பின்னால் ஒளிகிற உடம்பு இல்லை, ஆனாலும் ஒளிந்திருந்தார்.

"வாங்க மாப்ளே" என்றார் சேதுபதி, முறையை விடாமல். "என்ன இப்புடி?"

"பேரு ஆனியிலேயே குடுத்துட்டேன் மாமா. குடுத்துட்டு வரலைன்னா நமக்கு ஜோடியா விழுறவருக்கும் ஆட்டம் போயிருமே. நீங்கதான அப்புடிச் சொல்வீக."

தன் சட்டத்தைத் தன்னிடமே படித்துக்காட்டுகிற மாப்பிள்ளையை என்ன செய்ய முடியும்?

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"மதுரைக்கு டைல்ஸ் பாக்கப் போறேன்னு சொல்லியிருக்கேன்."

"வெளங்கிரும்" என்றார் சுபலட்சுமி. "அவுக காலையிலருந்து டிவியில இதத்தேன் போட்டு உக்காந்திருக்காக. மருமக எப்புடி நடத்துறான்னு பாக்கணும்னு லிங்க் கேட்டாக. நாந்தேன் அனுப்பிச்சேன்."

வேல்பாண்டியின் முகம் சுருங்கிப்போயிற்று. சேதுபதி கொஞ்சம் யோசித்தார்.

"கேமரா மேடைய மட்டுந்தேன் பாக்கும். ஒங்க ஆட்டம் வர்ற வரைக்கும் பந்திக் கூடத்துலயே இருங்க. ரேணுகா மேடைக்கு அங்குட்டு இருப்பா. மேல ஏறுறப்ப ஒரு தொப்பியப் போட்டுக்கங்க. ஆடிட்டு எறங்கிப் போயிருங்க."

நல்ல ஏற்பாடுதான். தேவகோட்டைக்காரர் ஒருவருக்குக் காய்ச்சல் வராமல் இருந்திருந்தால் அப்படியே நடந்திருக்கும்.

அவர் வராததால் எண்ணிக்கை ஒற்றைப்படை ஆகிவிட்டது. ஒருவருக்கு ஜோடி இல்லை. இப்படி ஆனால் நடத்துகிறவர்களில் யாராவது ஒருவர் பெயரைப் போட்டு நிரப்புவது வழக்கம்.

"எம்பேரப் போடவா?" என்றார் சேதுபதி.

"வேணாம்டா. ஒனக்கு ஜோடியா விழுறவன் என்ன பாவம் பண்ணான்?" என்றார் முத்தரசு. "பாப்பா பேரப் போடு."

சேதுபதி தன் கையாலேயே ரேணுகா என்று எழுதி, மடித்து, வாளிக்குள் போட்டார். உள்ளே வேல்பாண்டியின் சீட்டும் கிடக்கிறது என்பது போட்ட பிறகு நினைவுக்கு வந்தது. இத்தனை சீட்டில் அதுவும் இதுவுமா ஒன்றாக விழப்போகிறது என்று நினைத்துக்கொண்டார். சாஃப்ட்வேர்க்காரர் அல்லவா, கணக்கு அவர் பக்கம் இருந்தது.

சுபலட்சுமி மேடையில் நின்று சீட்டு எடுத்துக் கொடுத்தார். முத்தரசு பிரித்துப் பிரித்து வாசித்தார். அரியக்குடி பேக்கரிக்காரருக்கு மானகிரிப் பல் டாக்டர் ஜோடியாக விழுந்தார். கூடம் கைதட்டியது.

"அடுத்து, நாச்சியாபுரம் வேல்பாண்டி! அவருக்கு ஜோடி, மானகிரி ரே…"

மைக் பிடித்த நாளிலிருந்து முத்தரசு பாதிப் பெயரில் நின்றது அன்றைக்குத்தான்.

கூடத்தில் இருந்தவர்களில் பாதிப் பேர் வைகாசியில் இதே மண்டபத்துக்கு வந்து மொய் எழுதிச் சாப்பிட்டுவிட்டுப் போனவர்கள். விசில் பறந்தது. "மாமனார் குலுக்குனா மகளுக்குத்தான விழும்!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். நாலு பேர் சிரித்தார்கள். நாலு பேர் சிரிக்கவில்லை.

மேடையில் கிடந்தது மணமக்கள் சோபா. சிவப்பு வெல்வெட். அதில்தான் இருவரும் வைகாசி வெயிலில் வியர்க்க வியர்க்க உட்கார்ந்து போட்டோவுக்குச் சிரித்தார்கள்.

சுபலட்சுமி மைக்கைக் கையால் பொத்தினார். "ரெண்டையும் வாளியில போடுங்க. வேற எடுக்கிறேன்."

"முடியாது சுபா."

"பொண்ணு வாழ்க்கைங்க."

"தெரியுது."

தெரியத்தான் செய்தது. அந்தப் போட்டியையும் அந்தப் பெண்ணையும் அவர் சேர்த்தே வளர்த்தவர். இதற்காக அதை விடு, அதற்காக இதை விடு என்று யாரும் அவரிடம் இதுவரை கேட்டதில்லை.

"நான் வெலகிக்கிறேன்ப்பா" என்றாள் ரேணுகா. பந்திக் கூடத்திலிருந்து புருஷன் வந்த பக்கம் அவள் திரும்பவே இல்லை. அதற்காகவே கழுத்தை ஒரு பக்கமாக வைத்திருந்தாள்.

"நீ வெலகுனா மாப்ளேக்கும் ஆட்டம் போயிரும். அதுபோக, அடுத்த வருஷம் நடத்தப் போறவ விழுந்த ஜோடி வேணாம்னு எந்திரிச்சா, அப்புறம் எவன் ஒம்பேச்சக் கேப்பான்?"

சுபலட்சுமியின் போன் அடித்தது. பாண்டீஸ்வரி.

"மதினி, டிவியில எம்மகன் நிக்கிறான்."

வேல்பாண்டி தன் பெயரைக் கேட்டதும் பழக்கதோஷத்தில் மேடைப்படி வரைக்கும் வந்திருந்தார். தொப்பி கையில் இருந்தது.

"ஆமா மதினி" என்றார் சுபலட்சுமி. "நாங்களும் இப்பத்தேன் பாத்தோம்."

"மதுரையில டைல்ஸ் பாத்துக்கிட்டு இருக்கான்னுல நெனச்சேன். சீட்டு எடுத்தது ஒங்க கைதான மதினி? குடும்பமே சேந்து நல்லாத்தேன் திட்டம் போட்டிருக்கீக."

"ஐயோ மதினி, எங்க கொலசாமி சத்தியமா…"

"சாமிய எதுக்கு இழுக்குறீக? அண்ணங்கிட்டக் குடுங்க."

சேதுபதி போனை வாங்கினார்.

"அண்ணே, நான் என்ன சொல்லியிருந்தேன்?"

"ஆடிய ஆடியா விட்டுறணும்னு சொல்லியிருந்தீக தங்கச்சி."

"அந்தச் சோபாவுல ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்தா, அடுத்த வருஷம் அவ அங்குட்டு வரமாட்டா. அம்புட்டுத்தேன்."

"சீட்ட மாத்துனா நான் இத்தன வருஷம் நடத்துனதெல்லாம் பொய்யாப் போயிரும்."

"அது ஒங்க பாடு."

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. சேதுபதி மேடையைச் சுற்றிப் பார்த்தார். இந்தப் பக்கம் ஒரு கதவு, மேலே மணமகள் அறை என்று பலகை. அந்தப் பக்கம் ஒரு கதவு, மணமகன் அறை. இத்தனை வருஷமாக அந்த அறைகளில் அட்டைப்பெட்டி போட்டு வைத்துக்கொண்டிருந்தார்கள்.

"தங்கச்சி, ஒரு எடத்துல உக்காராம, மொகத்தையும் பாக்காம ஆடுனா?"

"அது எப்புடி?"

"ரேணுகா பொண்ணு ரூம்புல. மாப்ளே மாப்ளே ரூம்புல. நடுவுல கூடம் முழுக்க ஆளுக."

பாண்டீஸ்வரி யோசிக்கிறார் என்றால் வழி இருக்கிறது என்று அர்த்தம்.

"பேசிக்குவாகளா?"

"பேசாம எப்புடி ஆடுறது? பந்த இங்குட்டுத் தள்ளு, அங்குட்டுத் தள்ளுன்னு சொல்லணும்ல. ஒரு வார்த்த விடாம ஒங்க டிவியிலயும் கேக்கும்."

"ரெண்டு ரூம்பையும் பூட்டிச் சாவிய நீங்க வச்சுக்கங்க. போனை வைக்காதீக. நான் லைன்லயே இருக்கேன்."

இதற்கப்புறம்தான் சேதுபதி சேதுபதி ஆனார். அறைக்கு ஒரு கேம் மெஷின், ஒரு டிவி. வென்டிலேட்டர் வழியாகக் கேபிள். நாற்காலி மேல் நாற்காலி போட்டு ஏறி, வாயில் டேப்பைக் கடித்துக்கொண்டு, தோளில் போனை இடுக்கிக்கொண்டு வேலை பார்த்தார். மேடையில் இரண்டு மெஷின், அறைகளில் இரண்டு, எல்லாம் ஒரே வலையில். பெங்களூர் மேனேஜர் பார்த்திருந்தால் சம்பள உயர்வைப் பற்றி யோசித்திருப்பார்.

கூடத்தில் முணுமுணுப்பு நிற்கவில்லை. சேதுபதி மைக்கை வாங்கினார். அவர் மைக்கில் பேசுவது அபூர்வம்.

"குலுக்கல் மாறல. உக்கார்ற எடந்தேன் மாறியிருக்கு. வீட்டுல புதுசாக் கல்யாணம் முடிஞ்சவுகளுக்கு ஏன்னு தெரியும்." சிரிப்பு வந்தது. "இது எனக்குக் கடைசி வருஷம். அடுத்த வருஷத்துலருந்து எம்பொண்ணு ரேணுகா நடத்துவா. அவ கையிலயும் இந்தக் குலுக்கல் மாறாது. அத இப்பமே சொல்லிக்கிறேன்."

கைதட்டல் நன்றாகவே விழுந்தது. முத்தரசு கண்ணைத் துடைத்துக்கொண்டார். தூசி என்றார்.

ஆட்டம் ஆரம்பித்தது. மேடைச் சோபாவில் எதிராளிகளான பேக்கரிக்காரரும் பல் டாக்டரும். காலையில்தான் முதன்முதலாகப் பார்த்துக்கொண்டவர்கள், அதற்குள் "மாப்ள, மாப்ள" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நம்ம ஜோடி திரையில் மட்டும்.

"ரேணு, இங்குட்டுக் குடு. இங்குட்டு!"

"நீங்க எங்குட்டு நிக்கிறீகன்னே தெரியல!"

"கோலுக்குக் கிட்ட. ஐயோ, அவன்கிட்டக் குடுத்துட்டியே!"

கூடம் விழுந்து விழுந்து சிரித்தது. "ரசிகப் பெருமக்களே, குடும்பம் என்றால் இப்படித்தான்!" என்றார் முத்தரசு.

சேதுபதி ரேணுகாவின் நாற்காலியில் உட்கார்ந்து நேரலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேக்கரிக்காரர் ஒரு கோல் போட்டார். கொஞ்ச நேரத்தில் ரேணுகா நீளமாக ஒன்றைத் தள்ள, வேல்பாண்டி அதை வலைக்குள் போட்டார். போனில் பாண்டீஸ்வரி தன்னை மறந்து "அப்புடிப் போடு!" என்றார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"பரவால்லண்ணே. நல்லாத்தேன் ஆடுதுக. எனக்கு ஒண்ணும் மனசுல இல்ல. அடுத்த வருஷம் அவளே வந்து நடத்தட்டும்."

சேதுபதிக்கு அந்த நிமிஷம் உலகத்தில் ஒரு குறையும் இல்லை. "ரொம்ப சந்தோஷம் தங்கச்சி" என்றார்.

இடைவேளை.

ஆடுகிறவர்கள் காதில் மாட்டிக்கொண்டு பேசுவதெல்லாம் கூடத்து ஸ்பீக்கரிலும் கேட்கும், நேரலையிலும் போகும். இடைவேளையில் மட்டும் அந்தச் சத்தத்தை அணைத்துவிடுவார்கள். அவர்களும் தண்ணீர் குடித்து எதிராளியை நாலு வார்த்தை வைய வேண்டாமா? அணைக்கிற வேலை ரேணுகாவுடையது, பள்ளிக்கூட நாளிலிருந்து. இன்றைக்கு ரேணுகா பூட்டிய அறைக்குள் இருந்தாள். அவள் நாற்காலியில் இருந்த அப்பாவோ சம்பந்தியம்மாளின் சம்மதத்தைக் காதில் வைத்து ருசித்துக்கொண்டிருந்தார்.

"ரேணு." வேல்பாண்டியின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. "மாமா மைக்குல சொன்னாரே, கேட்டியா?"

"கேட்டேன்."

"இன்னும் நீ சொல்லலையா?"

"எப்புடிச் சொல்லச் சொல்றீக? நீங்க ஒங்கம்மாகிட்டச் சொன்னீகளா?"

"ஆவணி பொறக்கட்டும்னு பாத்தேன்."

"ஆவணி பொறந்தா டிக்கெட்டே வந்துரும். அங்க வீட்டுக்கு அட்வான்ஸு குடுத்தாச்சு. நான் வேலைக்குக் கையெழுத்துப் போட்டாச்சு. மூணு வருஷம். எங்கப்பா அடுத்த வருஷம் எம்பொண்ணு, அடுத்த வருஷம் எம்பொண்ணுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிறாரு. அவருகிட்டப் போயி நான் இருக்க மாட்டேன்ப்பான்னு எந்த வாயால சொல்லுவேன்?"

பல் டாக்டர் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைக் கீழே வைத்தார்.

சேதுபதியின் விரல் அப்போதுதான் பட்டனைத் தேடிப் போனது. அழுத்தினார். அழுத்தி என்ன? சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லியாகிவிட்டது. சுபலட்சுமி மேடைப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

மகள் போகிறாள் என்பதைவிட, தன்னிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை என்பது சேதுபதிக்கு வலித்தது. நான் அப்படிப்பட்ட அப்பனா என்று நினைத்தார். இருக்கலாம் என்றும் நினைத்தார்.

"அண்ணே." போனில் பாண்டீஸ்வரி. குரலில் இருந்த அதிகாரமெல்லாம் எங்கோ போயிருந்தது. "எனக்குக் கேட்டது சரிதானாண்ணே?"

"சரிதேன் தங்கச்சி."

"எந்த ஊருன்னு சொன்னாகளா?"

"சொல்லலையே."

"ஒத்தப் புள்ளைண்ணே எனக்கு." மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு குரல் எழும்பியது. "ரெண்டு கதவையும் தொறங்க. ரெண்டு பேரையும் அந்தச் சோபாவுல ஒண்ணா உக்கார வைங்க. நான் கார எடுக்கச் சொல்லிட்டேன். வந்து மொகத்தப் பாத்துக் கேக்கணும்."

"ஆடி தங்கச்சி…"

"ஆடியாவது கீடியாவது! கதவத் தொறங்கண்ணே!"

சேதுபதி மேஜைமேல் கிடந்த இரண்டு சாவிகளையும் எடுத்தார். எடுத்தவர் எழுந்திருக்கவில்லை.

"ஆட்டம் பாதியில நிக்கிது. எதிர்ப்பக்கம் ரெண்டு பேரு காலையிலருந்து காத்துக் கெடந்து ஆடுறாக. முடியட்டும் தங்கச்சி. நீங்க குன்னக்குடி தாண்டி வர்றதுக்குள்ள முடிஞ்சிரும்."

சத்தத்தைத் திரும்பப் போட்டுவிட்டு, முத்தரசுவைப் பார்த்துத் தலையை ஆட்டினார். முத்தரசு மைக்கை எடுத்தார். "இரண்டாம் பாதி" என்றார். ரசிகப் பெருமக்களே என்று சொல்ல வரவில்லை.

அந்த இரண்டாம் பாதியை அங்கே இருந்தவர்கள் இன்னும் சொல்கிறார்கள். நம்ம ஜோடி அப்படி ஆடியது. மனதில் கிடந்ததை இறக்கி வைத்த தெம்போ என்னவோ. "ரேணு, நேராப் போ!" "போறேன், போறேன், நீங்க பின்னால வாங்க!" என்று ஒரே உற்சாகம். கூடத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது. தங்கள் பேச்சு வெளியே கேட்டுவிட்டது என்று தெரியாதவர்கள் இரண்டே பேர். அவர்கள் ஆளுக்கொரு பூட்டுக்குள் இருந்தார்கள்.

கடைசியில் ரேணுகாவே ஒரு கோல் போட்டாள். ஸ்பீக்கரில் இரண்டு பேரும் கத்திய கத்தில் கூரை அதிர்ந்தது. பேக்கரிக்காரரும் பல் டாக்டரும் எழுந்து நின்று சேதுபதிக்குக் கை கொடுத்தார்கள். யாராவது இறந்துபோன வீட்டில் கொடுக்கிற மாதிரி மெதுவாகக் கொடுத்தார்கள்.

வாசலில் ஒரு கார் வந்து நின்று கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

சேதுபதி முதலில் மணமகள் அறையைத் திறந்தார். ரேணுகா துள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். சின்ன வயதில் போட்டி நடக்கும்போது மேஜைகளுக்கு அடியில் ஓடிவருவாளே, அதே முகம்.

"அப்பா! ஜெயிச்சுட்டோம்ப்பா!"

கைதட்டலுக்காக அவள் கூடத்தைப் பார்த்தாள். வரவில்லை. அம்மா படியில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். ஸ்பீக்கரைப் பார்த்தாள். சத்தத்தை அணைக்க வேண்டிய தன் நாற்காலி காலியாக இருப்பதைப் பார்த்தாள். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

"எந்த ஊருத்தா?" என்றார் சேதுபதி.